பருவை எடுக்கலாம், மருவை எடுக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 19, உலக ஒளிப்பட நாள் நெருங்கும்போது ஒளிப்படக் கழகங்களில் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், மாடல் ஒருவரை நிறுத்திப் படம் எடுக்கிறார்களே, அந்தப் பொழுதுபோக்குக் கலைஞர்கள் தங்கள் படங்களை எடிட் செய்யலாமா, கூடாதா? ‘எடுத்தது எடுத்தபடி இருப்பதுதான் நேர்மை’ என்பர் ஒரு சாரார். ‘எடிட் செய்யாத படம் வேகாத சோறு’ என்பர் மறு சாரார். எடிட் செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எதைத் தொடுவது என்பதில் கறாராக இருக்க வேண்டும். வெளிச்சம், நிறச்சாய்வு (படத்தில் வேண்டாத நிறம் ஏறுவது), அன்றைக்கு முளைத்த பரு, நெற்றியில் பறந்து விழுந்த முடி ஆகியவை படம் எடுத்தவரின் பொறுப்பு. தோலின் நிறம், உடம்பின் வடிவம், மச்சம், மரு, தழும்பு ஆகியவை எதிரில் நிற்பவருக்குச் சொந்தமானவை. அவர் சொல்லாமல் அவற்றில் கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

‘எடிட் செய்யாத படம்’ என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல கேமராக்களில், ஜேபெக் என்ற வழக்கமான சுருக்கிய வடிவில் எடுத்தால், ஒளியை உணரும் சென்சார் பதிவு செய்த 14 பிட் தகவலை, அதாவது ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 படிநிலைகளை, கேமராவே 256 படிநிலைகளாகச் சுருக்கிவிடுகிறது. சுருக்கும்போதே கான்ட்ராஸ்ட்டை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வித்தியாசத்தை) ஏற்றுகிறது, விளிம்புகளைக் கூராக்குகிறது, இருட்டில் வரும் புள்ளிகளைத் தேய்க்கிறது. செல்போன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நாம் ஒரு தடவை பொத்தானைத் தொட்டால், அது பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது. முன்பக்கக் கேமராவின் ‘பியூட்டி’ அளவு பல போன்களில் வாங்கும்போதே பூஜ்யத்தில் இருப்பதில்லை. ‘நான் எடிட் செய்வதே இல்லை’ என்பவரின் படத்தையும் யாரோ ஒரு பொறியாளர் எங்கோ உட்கார்ந்து முன்கூட்டியே எடிட் செய்து வைத்திருக்கிறார். அவர் அந்த மாடலைப் பார்த்ததே இல்லை. எதிரில் நின்று, அந்த முகத்தையும் அந்த வெளிச்சத்தையும் கண்ணால் பார்த்தவர் செய்வதே மேல்.

பழைய ஸ்டூடியோக்களிலும் ‘டச்சிங்’ என்று ஒரு தனி வேலை இருந்தது. சாய்வான மேசையில் பதித்த தேய்த்த கண்ணாடியின் மேல் நெகட்டிவை வைப்பார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வரும். பென்சில் பிடிக்க வேண்டும் என்பதற்காக மருந்துப் பக்கத்தில் (ஒளியைப் பதிவு செய்யும் பூச்சு உள்ள பக்கத்தில்) ஒரு திரவத்தைத் தடவிக் காயவைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த வெளிறலைப் பென்சில் நிரப்பினால் பிரின்ட்டில் கருமை குறையும். வெளுத்த இடத்தைக் கருமையாக்க மெல்லிய கத்தியால் மருந்தைச் சுரண்டுவார்கள். முகத்தின் மேல் சிவப்புச் சாயத்தை மெலிதாகத் தடவினால் கறுப்பு-வெள்ளை பிரின்ட்டில் முகம் வெளுக்கும். ஆக, வெளுப்பாக்கும் ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததன்று. அன்றைக்குக் கை தவறினால் நெகட்டிவே போய்விடும் என்ற பயம் இருந்தது. 1990-இல் போட்டோஷாப் வந்த பிறகு அந்தப் பயம் குறைந்தது. இப்போதைய செல்போன் செயலிகளில் பயத்துக்கே வேலை இல்லை. விரலை ஒரு தடவை இழுத்தால் முகமே மாறிவிடுகிறது.

எதை எடுக்கலாம் என்பதற்கு ரீடச்சிங் (படத் திருத்தம்) தொழிலில் இருப்பவர்கள் எளிய அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை எடுக்கலாம். பரு, கொசுக்கடி, சவரம் செய்த கீறல், தூக்கம் கெட்டதால் வந்த கண் சிவப்பு, உதட்டு வெடிப்பு, ஜாக்கெட்டில் ஒட்டிய நூல் எல்லாம் இதில் அடங்கும். இரண்டு வாரம் கழித்தும் இருக்கப்போவதை விட்டுவிட வேண்டும். மச்சம், மரு, அம்மைத் தழும்பு, பச்சை குத்தியது, தெற்றுப்பல், சிரித்தால் விழும் கோடு இவையெல்லாம் அந்தப் பக்கம். பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று இரண்டு மச்சங்களைத் தேடிப்பிடித்து எழுதுகிற ஊர் நம்முடையது. அதைப் படத்தில் அழித்தால் அழிவது அடையாளம்தான்.

பருவை எடுப்பதிலும் முறை தவறினால் காட்டிக்கொடுத்துவிடும். போட்டோஷாப்பில் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அசல் லேயரை (படத்தின் அடுக்கை) தொடாமல் அதன்மேல் காலி லேயர் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டும் ஹீலிங் பிரஷ்ஷின் ‘சாம்பிள்’ அமைப்பை ‘கரன்ட் அண்ட் பிலோ’ என்று மாற்றிக்கொண்டால் எல்லாத் திருத்தமும் அந்தக் காலி லேயரில் மட்டும் விழும். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். பிரஷ், பருவைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் போதும். மாதிரித் தோலைப் பருவுக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சம் விழும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். நெற்றித் தோலை எடுத்துக் கன்னத்தில் ஒட்டினால் தோல் துவாரங்களின் அளவு பொருந்தாது, ஒட்டுப்போட்டது தெரியும். தலைமுடி ஓரத்திலும் உதட்டு ஓரத்திலும் ஹீலிங் பிரஷ் கருமையை இழுத்து ஈஷிவிடும். சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கப் பார்ப்பது அதன் குணம். அந்த இடங்களில் கலக்காமல் அப்படியே நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்ப்பை, கருமையான புள்ளிகளை மட்டும் மாற்றும் ‘லைட்டன்’ நிலையில், 30-40 சதவீத ஒபாசிட்டியில் (அடர்த்தியில்) பயன்படுத்த வேண்டும்.

கருவளையத்துக்கு இந்தக் கருவிகள் எதுவும் வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் லேயர் ஒன்றைச் சற்று வெளிச்சமாக்கி, அதன் மாஸ்க்கைக் (திருத்தத்தை மறைக்கும் திரையைக்) கறுப்பாக்கி, மென்மையான வெள்ளை பிரஷ்ஷின் ஃப்ளோவை (ஒரு தடவலில் விழும் அளவை) 2 அல்லது 3 சதவீதத்தில் வைத்துத் தடவித் தடவிக் கொண்டுவர வேண்டும். பாதி குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். முழுக்க அழித்தால் கண்குழியின் ஆழமும் சேர்ந்து போய், கண் முகத்தின் மேல் ஒட்டவைத்ததுபோல் தெரியும். கண்ணின் வெள்ளையும் அப்படித்தான். சிவப்பு நரம்புகளின் நிறச்செறிவைக் குறைக்கலாம், சுண்ணாம்பு வெள்ளையாக்கினால் பார்வையே மாறிவிடும். வேலை முடிந்ததும் எல்லா லேயர்களையும் ஒரே குரூப்பில் போட்டு ஒபாசிட்டியை 60-70க்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே சரியான அளவாக இருக்கும். ஒரு மணி நேரம் ஒரே முகத்தைப் பார்த்த கண்ணுக்கு அளவு தெரியாது. இரவு செய்ததைக் காலையில் ஒரு முறை பார்த்துவிட்டு வெளியிடுவது நல்லது.

தோலின் நிறத்தையும் துவாரங்களையும் இரண்டு லேயராகப் பிரித்து வேலை செய்யும் ‘ஃப்ரீக்வென்சி செபரேஷன்’ முறையைக் கற்றுக்கொள்பவர்கள் முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். தாடை ஓரத்தில் நிறம் உள்ள கீழ் லேயரை பிளர் செய்தால் (மங்கலாக்கினால்) கழுத்தின் நிழல் கன்னத்துக்குள் கசியும். மேல் லேயரில் துவாரங்கள் அப்படியே இருப்பதால் செய்கிறவருக்குத் தப்பு தெரியாது. பார்க்கிறவருக்கு முகம் மெழுகாகத் தெரியும். முதல் ஆறு மாதத்துக்காவது இதை ஒதுக்கிவைக்கலாம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ‘கொஞ்சம் கலராக்கிக் குடுங்க’ என்று ஸ்டூடியோ கவுன்ட்டரில் கேட்கும் வழக்கம் நமக்குப் பழையது. வருத்தம் என்னவென்றால், இன்று யாரும் கேட்காமலேயே பொழுதுபோக்குக் கலைஞர்கள் அதைச் செய்கிறார்கள், பலர் தெரியாமலேயே செய்கிறார்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் செயலியில் வண்ணங்களைத் தனித்தனியாக மாற்றும் பகுதியில் ‘ஆரஞ்ச்’ என்று ஒரு ஸ்லைடர் உண்டு. மனிதத் தோல், அது எந்த நிறமாக இருந்தாலும், பெரும்பாலும் அந்த ஆரஞ்சுப் பகுதிக்குள்தான் விழும். இலவசமாகவும் விலைக்கும் கிடைக்கும் பிரீசெட்டுகள் (முன்கூட்டியே வைத்த எடிட் அளவுகள்) பலவற்றில் ஆரஞ்சின் ‘லூமினன்ஸ்’ (வெளிச்ச அளவு) +15, +20 என்று ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது. அந்தத் தோலில் அது மினுமினுப்பைத் தரும். மாநிறத்திலும் கறுப்பிலும் நேர் எதிரான வேலையைச் செய்யும்.

ஏன் என்பதை எண்ணிக்கையில் பார்த்தால் புரிந்துவிடும். மாநிறக் கன்னம் ஒன்றில் வெளிச்சம் படும் இடத்தில், 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு 170, பச்சை 120, நீலம் 90 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 80 இடைவெளி. தோலுக்கு உயிர் கொடுப்பது அந்த இடைவெளிதான். ஸ்லைடரை ஏற்ற ஏற்ற மூன்று எண்களும் மேலே போய் 205, 165, 145 போல நெருங்கி வரும். இடைவெளி 60 ஆகிவிடும். நிறம் கூடவில்லை, கரைந்திருக்கிறது. அதனால்தான் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. இன்னொரு கேடும் நடக்கும். கறுப்புத் தோலின் அழகே கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் விழும் பளபளப்புக்கும் அதைச் சுற்றியுள்ள ஆழ்ந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. நடு நிறத்தைத் தூக்கினால் பளபளப்பு ஏற்கெனவே உச்சியில் இருப்பதால் அது மேலே போக முடியாது. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி முகம் தட்டையாகிவிடும். அதே ஸ்லைடர் பட்டுச் சேலையின் ஜரிகையையும் தேக்குக் கதவையும் காவி அடித்த சுவரையும் சேர்த்தே இழுக்கும். தங்க ஜரிகை வெளிறிய பித்தளையாகும். முகத்தில் மட்டும் பிரஷ்ஷால் செய்தாலோ முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று நிற்கும்.

இது நம் ஊரின் கோளாறு மட்டுமன்று. வண்ண பிரின்ட் போடும் லேப்கள் தங்கள் இயந்திரத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரிப் படத்துக்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அதில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி என்று கணக்கு. பல நிறத்தவர் உள்ள கார்டு 1990-களில்தான் வந்தது. இந்தியாவிலும் தோலை வெளுப்பாக்கும் பொருள்களின் விளம்பரங்களில் கறுப்பு நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் பெயர்பெற்ற முகப்பூச்சு ஒன்று தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. விளம்பரக்காரர்களே கைவிடப் பார்க்கும் பழக்கத்தை, யாரிடமும் சம்பளம் வாங்காத பொழுதுபோக்குக் கலைஞர் ஏன் தொடர வேண்டும்?

சரியாகச் செய்யும் வழி கடினமானதன்று. பிரீசெட் போட்டால் முதல் வேலையாக ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் ஸ்லைடர்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். படப்பிடிப்பின் முதல் ஃபிரேமில் மாடலின் கையில் சாம்பல் அட்டை ஒன்றைக் கொடுத்து எடுத்துக்கொண்டால், வைட் பேலன்ஸை (நிறச்சாய்வை நீக்கும் அமைப்பை) அதில் தொட்டு மற்றப் படங்களுக்கெல்லாம் நகல் எடுக்கலாம். வெளிச்சம் மாறினால் இன்னொரு முறை அட்டை. அட்டை இல்லாவிட்டால் தோலில் கர்சரை வைத்து எண்களைப் பாருங்கள். இயல்பான வெளிச்சத்தில் எந்த மனிதத் தோலிலும் சிவப்பு அதிகம், பச்சை அடுத்தது, நீலம் கடைசி. இந்த வரிசை குலைந்திருந்தால் நிறச்சாய்வு இருக்கிறது என்று பொருள். வேப்பமரத்தடியில் எடுத்தால் நெற்றியில் பச்சை ஏறும். புல்தரையில் நின்றால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும். செங்கல் சுவருக்குப் பக்கத்தில் ஒரு கன்னம் மட்டும் சிவக்கும். முகத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நிறம் என்றால் ஒரே வைட் பேலன்ஸால் சரியாகாது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு டின்ட்டை (பச்சை-மெஜந்தா சாய்வை) மாற்ற வேண்டும். மாடலை நான்கு அடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

எக்ஸ்போஷரிலும் (படத்தில் விழும் வெளிச்ச அளவிலும்) இதே கதைதான். கேமராவின் மீட்டர் தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தர சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுப்பான முகம் ஃபிரேமை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளிறும். மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைத்துக்கொள்ள வேண்டும். அதே முகம் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நின்றால் மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அங்கே மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். இருண்டுபோன படத்தைப் பிறகு ‘ஷேடோஸ்’ ஸ்லைடரால் தூக்கினால் தோலில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் கிளம்பும். அந்தப் புள்ளிகளை மறைக்கத்தான் பலர் தோலை வழவழப்பாக்கத் தொடங்குகிறார்கள். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு.

பகல் 11 மணி முதல் 3 மணி வரை உச்சிவெயிலில் எடுத்தால் கண்குழி இருண்டு, நெற்றி எரியும், அதாவது வெளிச்சம் மிஞ்சி வெறும் வெள்ளையாகிவிடும். எரிந்து 255-ஐத் தொட்ட இடத்தில் தகவலே இல்லை. அதைக் கருமையாக்கினால் சாம்பல் திட்டுதான் கிடைக்கும். திண்ணையிலோ தாழ்வாரத்திலோ, முகம் திறந்த வெளியைப் பார்க்கும்படி நிறுத்தி, இரண்டு மூன்று அடி தூரத்தில் மார்பு உயரத்தில் ஒரு தெர்மோகோல் பலகையைப் பிடித்தால் கண்ணில் ஒளிப்புள்ளியும் விழும், கருவளையமும் பாதி குறையும். பலகையை மிக அருகே கொண்டுபோனால் கீழ் வெளிச்சம் மேல் வெளிச்சத்தை மிஞ்சி முகம் பயமுறுத்தும். வியர்வைப் பளபளப்பை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுக்க அரை நிமிடம் போதும். கம்ப்யூட்டரில் அதே வேலை முகத்துக்குக் கால் மணி நேரம்.

உடம்பையும் முகத்தையும் இழுத்து வளைக்கும் ‘லிக்விஃபை’ கருவியைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். மூக்கை ஒடுக்கும் வேலைதான் இதில் அதிகம் நடக்கிறது. பெரும்பாலும் அந்த மூக்கில் குறை ஒன்றும் இருக்காது, படம் எடுத்தவர் நின்ற தூரத்தில்தான் குறை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். போனை முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் மூக்கு 30-இலும் காது 42-இலும் இருக்கும். காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். ஒன்றரை மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போய் எடுத்தால் 150-க்கு 162, அதாவது 1.08 மடங்குதான். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணமானது என்பதால் முகத்தை நிறைக்க வேண்டி எல்லோரும் கிட்டே போகிறார்கள். பின்னால் நகர்ந்து 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறினாலே மூக்கு தன் அளவுக்கு வந்துவிடும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு 85 மில்லிமீட்டர் லென்ஸ் போர்ட்ரெய்ட்டுக்குப் பிடித்துப்போவதும் அது தானாகவே நம்மைப் பின்னால் தள்ளுவதால்தான்.

இடுப்பை ஒடுக்குபவர்களைச் சேலையே காட்டிக்கொடுத்துவிடும். கட்டம் போட்ட சுங்குடியிலும் செட்டிநாட்டுக் கண்டாங்கியிலும் கோடுகள் நேராக ஓட வேண்டிய இடத்தில் உள்வாங்கி நிற்கும். கரை இடுப்பருகில் மெலிந்து மறுபடி அகலமாகும். பின்னால் உள்ள ஜன்னல் கம்பி வளையும், தரையின் ஓடு சாயும், வட்டமான வளையல் முட்டையாகும். பார்ப்பவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ தப்பு என்று தெரியும். சேலை மடிப்பு நகர்ந்து கிடந்தால், கையிடுக்கில் ஜாக்கெட் துணி பிதுங்கியிருந்தால் அந்தத் துணியை மட்டும் தட்டிச் சரிசெய்யலாம். அது உடை, உடம்பன்று.

பட்டுச் சேலையில் வேறொரு சிக்கல் உண்டு. வாடாமல்லி, மிளகாய்ப்பழச் சிவப்பு போன்ற நிறங்களில் சிவப்புச் சானல் மட்டும் உச்சியைத் தொட்டு, மடிப்புகள் எல்லாம் ஒரே சிவப்புத் தட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளின் வரைபடம்) நன்றாக இருப்பதுபோல் காட்டும், ஏமாந்துவிடக் கூடாது. வண்ணவாரியான ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ரா ஃபைலாக (சென்சாரின் அசல் பதிவாக) எடுத்திருந்தால் அந்த நிறத்தின் செறிவை 10-15 குறைத்தாலே மடிப்புகள் பெரும்பாலும் திரும்பி வரும். ஜேபெக்கில் போனது போனதுதான்.

ஒரே தொடலில் ‘அழகாக்கும்’ செயலிகளுக்கு நம் முகம் பழக்கமில்லை. சிறிய கல் மூக்குத்தியைப் பரு என்று நினைத்து அழிக்கும். விபூதிக் கீற்றின் ஓரத்தைத் தேய்த்து நெற்றி முழுக்கப் பவுடர் கொட்டியதுபோல் ஆக்கும். பொட்டின் விளிம்பு கலங்கும். காதோரப் பூனைமுடி போய் முகம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். ஜிமிக்கியின் தொங்கு முத்துகள் ஒன்றோடொன்று உருகும். இதில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் செயலி வேலையைப் போனுக்குள்ளேயே செய்கிறதா, படத்தைத் தன் சர்வருக்கு ஏற்றிச் செய்கிறதா? ஏற்றுகிறது என்றால் நாம் இன்னொருவரின் முகத்தை மூன்றாம் ஆளிடம் கொடுக்கிறோம். மாடலின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. செயற்கை நுண்ணறிவால் உடையையோ பின்னணியையோ புதிதாக வரைந்து சேர்த்தால், வெளியிடும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

திரையை நம்பி எடிட் செய்வதிலும் ஒரு பள்ளம் உண்டு. போன் திரை ‘விவிட்’ நிலையில் இருந்தால் எல்லா நிறமும் கூடுதலாகத் தெரியும், அதைப் பார்த்து நாம் தோலின் செறிவைக் குறைத்துவிடுவோம். ‘நேச்சுரல்’ நிலைக்கு மாற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். மானிட்டரின் வெளிச்சம் உச்சத்தில் இருந்தால் பிரின்ட் இருட்டாக வரும், பழி லேப்பின் மேல் விழும். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தை இறக்கினால் போதும். லேப்புக்கு அனுப்பும் கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் இருக்கட்டும். 12-க்கு 18 அங்குல பிரின்ட்டுக்கு 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும்.

மாடலின் பக்கம் நின்றும் இதைப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கு முன்னால் நிற்பவர்களில் பலர் தாங்களும் புதியவர்கள், போர்ட்ஃபோலியோ சேர்க்க வந்தவர்கள். மாடலிங் ஏஜென்சிகள் முதலில் கேட்பது மேக்கப் இல்லாத, வெற்றுப் பின்னணியில் எடுத்த, திருத்தாத படங்களைத்தான். தொழிலில் அவற்றை ‘டிஜிட்டல்ஸ்’ என்பார்கள். இடுப்பையும் நிறத்தையும் மாற்றிய படத்தை அனுப்பிவிட்டு நேர்காணலுக்குப் போய் நிற்கும் பெண்ணுக்கு அந்த எடிட்டிங் உதவியாக இருப்பதில்லை, அவமானத்தைத்தான் வாங்கிக்கொடுக்கிறது. ஆகவே படப்பிடிப்புக்கு முன்னாலேயே மூன்றைப் பேசி முடித்துவிடுவது நல்லது. எந்த அடையாளங்கள் இருக்க வேண்டும், வெளியிடும் படத்தை யார் தேர்ந்தெடுப்பது, எங்கே வெளியிடுவது. வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் எழுதி, ‘சம்மதம்’ என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், உடல் வடிவத்தைத் தொடவே கூடாது. அசலையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாடலிடம் காட்டினால் எது மிகை என்பதை அவரே சொல்லிவிடுவார்.

சட்டங்களும் இந்தத் திசையில்தான் நகர்கின்றன. இஸ்ரேல், திருத்திய விளம்பரப் படங்களுக்கு அடையாளம் கேட்டு 2012-இலேயே சட்டம் இயற்றியது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட்டாக வேண்டும், மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வேயில் 2022 ஜூலை முதல் உடலின் வடிவம், அளவு, தோல் எதை மாற்றினாலும் விளம்பரத்தில் அடையாளம் இட வேண்டும். இவை வணிகத்துக்கான விதிகள், பொழுதுபோக்குக் கலைஞரைக் கட்டுப்படுத்தா. போட்டிகளுக்குத் தனி விதி உண்டு. அமெரிக்க ஒளிப்படச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் பொதுப் பிரிவில் எடிட்டிங்குக்குப் பெரும்பாலும் தடை இல்லை. பயணப் பிரிவில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. சந்தையில் எடுத்த பாட்டியின் முகத்தைப் பயணப் பிரிவுக்கு அனுப்புபவர், அதில் ஒரு புள்ளியை அழித்திருந்தாலும் விதியை மீறியவர் ஆகிவிடலாம். இது தெரியாமல் நல்ல படங்களை இழந்துவிடக் கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 1850-களிலேயே ஒளிப்படச் சங்கம் கண்ட சென்னையில் இன்று படம் எடுக்காதவர் இல்லை. நாளிதழ்கள் வாசகர்களின் படங்களுக்கு இடம் தருகின்றன, போட்டிகளும் நடத்துகின்றன. மனிதர்களின் படத்துக்கு அழைப்பு விடும்போது ‘தோலின் நிறத்தையும் உடலின் வடிவத்தையும் மாற்றிய படங்கள் ஏற்கப்படா’ என்று ஒரு வரி சேருங்கள். தேர்வான படத்துக்கு அசல் கோப்பைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தில் இருப்பவரின் சம்மதத்தையும் கேளுங்கள். அச்சுக்குப் போகும்போதும் ஒரு கவனம் தேவை. செய்தித்தாளில் மை பரவி நடு நிழல்கள் கருக்கும் என்பதால் படத்தை வெளிச்சமாக்குவது அவசியம்தான். அதைப் படம் முழுவதற்கும் ஒரே கர்வ்ஸில் செய்யும்படி உங்கள் படப் பிரிவினரிடம் சொல்லுங்கள், முகத்தை மட்டும் தனியாக எடுத்து வெளுக்க வேண்டாம். வருகிற ஆகஸ்ட் 19 அன்று ஒரு பக்கத்தை ஒதுக்கி, வாசகர்கள் எடுத்த கறுப்பும் மாநிறமுமான முகங்களை அவற்றின் நிறத்திலேயே அச்சிட்டால் பெரிதும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒளிப்படப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.